ஆட்டோமேட்டிக் கார்ல ரிவர்ஸ் விழலையா? 'கியர்பாக்ஸ் போச்சு'னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

சென்னையில இருந்து சொந்த ஊருக்குக் கிளம்பியிருக்கீங்க. திண்டிவனம் தாண்டி, கூட்டேரிப்பட்டு பக்கத்துல டிபனுக்காக ஹோட்டல் சுவரைப் பார்த்த மாதிரி காரை நிறுத்துறீங்க. சாப்பிட்டு வந்து லீவரை 'ஆர்'ல போடுறீங்க. இன்ஜின் உறுமுது, ஆனா கார் நகரவே இல்லை. 'டி'ல போட்டா நகருது. ஆனா முன்னாடி இருக்கிறது சுவர்!

இந்த மாதிரி நேரத்தில் சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர், 'கியர்பாக்ஸ் போச்சு, லட்ச ரூபாய்க்கு மேல ஆகும்'னு சொல்லிவிடுவார். சில சமயம் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால், பிரேக் சுவிட்ச் வேலை செய்யாவிட்டாலும், லீவர் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும்கூட ரிவர்ஸ் விழாது. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். காய்ச்சல்னா சாதாரண சளியாகவும் இருக்கலாம், டைபாய்டாகவும் இருக்கலாம் இல்லையா? ரிவர்ஸ் போறதும் அப்படித்தான்.

அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ரிவர்ஸோட சேர்ந்து வேற என்னென்ன போச்சு?' இந்த ஒரு கேள்விக்கான பதில், கோளாறு எந்த இடத்தில் இருக்குனு பாதிக்கு மேல் சொல்லிவிடும். அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு பார்ப்போம்.

முதல்ல உங்க கார்ல இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்?

'ஆட்டோமேட்டிக்'னு பொதுவாகச் சொன்னாலும் நம்ம ஊர் சாலைகளில் நான்கு வகை ஓடுகின்றன. வகை தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

ஏஎம்டி: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் கையும் காலும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற இயந்திரக் கை செய்யும். 2014-ல் மாருதி செலேரியோ மூலம்தான் இது இந்தியாவுக்கு வந்தது. விலை குறைவு என்பதால் வேகமாகப் பரவியது. அடையாளம் சுலபம்: பெரும்பாலான ஏஎம்டி கார்களின் லீவரில் 'பி' என்ற பார்க்கிங் நிலை இருக்காது.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, நம்பகமான வகை. எண்ணெய் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் கிளட்ச்களும் பிரேக்குகளும் மாறி மாறிப் பிடித்து கியரை உருவாக்கும். கிரெட்டா, பிரெஸ்ஸா போன்றவற்றின் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் இந்த வகை.

சிவிடி: இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். தனித்தனி கியர்களே கிடையாது. ஹோண்டா சிட்டி, அமேஸ் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இதுதான்.

டூயல் கிளட்ச்: டிஎஸ்ஜி, டிசிடி, டிசிஏ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொரு கிளட்ச். போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஐ20-யின் டிசிடி எல்லாம் இந்தக் கூட்டம்.

எந்த வகைனு சந்தேகமா இருந்தா, காரோட கூடவே வந்த ஓனர்ஸ் மேனுவலைப் புரட்டுங்க. பதில் அதில் இருக்கும்.

முன்னாடி போற கார் பின்னாடி மட்டும் ஏன் போகல?

ரோட்டோரக் கரும்பு ஜூஸ் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் பல் சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால், அதை ஒட்டிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இன்ஜின் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். எனவே கார் பின்னால் போக, நடுவில் ஏதாவது ஒன்று திசையைத் திருப்பித் தர வேண்டும். ஏஎம்டியிலும் பல டூயல் கிளட்ச் பாக்ஸ்களிலும் அதற்கென்று ஒரு கூடுதல் பல் சக்கரம் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும், நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சில குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை அசையாமல் பிடித்து நிறுத்தினால், வளையம் எதிர்த்திசையில் சுற்றும். ரிவர்ஸ் ரெடி.

அந்தச் சட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் பலம் தேவை. டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ்களில், ரிவர்ஸுக்கு மட்டும் எண்ணெய் அழுத்தத்தை வழக்கத்தைவிட உயர்த்தும்படியே வடிவமைத்திருப்பார்கள். எண்ணெய் குறைந்தாலோ, பம்ப் தளர்ந்தாலோ, உள்ளே ஒரு ரப்பர் சீல் இறுகிப்போனாலோ, முன்கியர்கள் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் முதலில் கையை விரித்துவிடும். ரிவர்ஸ் தாமதமாக விழ ஆரம்பித்தாலே அது ஒரு முன்னெச்சரிக்கைதான்.

பைசா செலவில்லாத 5 டெஸ்ட்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னால் யாரும் இல்லைனு உறுதி பண்ணிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி இவற்றைச் செய்யுங்க.

1. லீவர் நகருதா? லீவரே 'பி'யிலிருந்து அசையவில்லை என்றால் அது ரிவர்ஸ் பிரச்னையே இல்லை. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் விடுபடும். பிரேக் பெடல் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால், நீங்கள் மிதித்தது காருக்குத் தெரியாது. பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் லைட் எரியுதானு பார்க்கச் சொல்லுங்க. எரியலைன்னா ஃபியூஸையும் சுவிட்ச்சையும்தான் முதலில் பார்க்கணும். ஏஎம்டி கார்களில் இந்த சுவிட்ச் சிக்னல் வரவில்லை என்றால் கியரே விழாது.

2. ரிவர்ஸ் லைட் எரியுதா? 'ஆர்'ல போட்டதும் பின்பக்க வெள்ளை விளக்கு, ரிவர்ஸ் கேமரா, மீட்டரில் 'ஆர்' எழுத்து மூன்றும் வர வேண்டும். மூன்றுமே வரவில்லையா? லீவர் 'ஆர்'ல இருந்தாலும் கியர்பாக்ஸுக்கு அந்தத் தகவல் போகலைனு அர்த்தம். லீவர் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் பழுதாகியிருக்கலாம். இரண்டுமே கியர்பாக்ஸைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடியவை. லீவரை மிக லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் ரிவர்ஸ் பிடிக்கிறது என்றால், சந்தேகம் கேபிள் மேல் இன்னும் பலமாக விழும்.

3. இன்ஜின் சத்தம் என்ன சொல்லுது? 'என்'லிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போது லேசான ஒரு 'தட்', கூடவே ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்குவது நார்மல். அப்படி இறங்கி, பிரேக்கை விட்டதும் இன்ஜின் திணறுகிறது, ஆனால் கார் நகரவில்லை என்றால் கியர் விழுந்திருக்கிறது, வேறு ஏதோ தடுக்கிறது. ஹேண்ட் பிரேக் ஒட்டியிருக்கா, சக்கரத்துக்குப் பின்னால் கல் இருக்கானு பாருங்க. முள் இறங்கவே இல்லை, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நியூட்ரல் போல வெறுமனே ஏறுகிறது என்றால் கியர் பிடிக்கவில்லை.

4. சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? காலையில் எடுக்கும்போது ரிவர்ஸ் நன்றாக விழுந்து, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டும் விழவில்லையா? சூட்டில் எண்ணெய் இளகும்போது அழுத்தம் கசிகிறது என்பதற்கான அறிகுறி இது. தலைகீழாக, குளிர்ந்திருக்கும்போது தாமதமாகி, சூடான பின் சரியானால், எண்ணெய் அளவு குறைவு அல்லது இறுகிப்போன சீல் மேல் சந்தேகப்படலாம்.

5. இன்ஜினை அணைச்சுப் போட்டா? 'பி'ல (ஏஎம்டி என்றால் 'என்'ல) வைத்து இன்ஜினை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்க. ரிவர்ஸ் வந்துவிட்டால், கன்ட்ரோல் யூனிட் பாதுகாப்புக்காக முடக்கி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிரச்னை தீர்ந்ததுனு அர்த்தமில்லை. ஆனால் ஏன் முடக்கியது என்பது அதன் நினைவகத்தில் பதிவாகியிருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: 'ஆர்'ல போட்டுட்டு முறுக்கு முறுக்குனு ரேஸ் கொடுக்காதீங்க. வழுக்கிக்கொண்டிருக்கும் கிளட்ச் சில நொடிகளில் கருகிவிடும். சின்னச் செலவில் முடிய வேண்டியதைப் பெரிய செலவாக்குவது பெரும்பாலும் இதுதான்.

'வேற என்ன போச்சு?'

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ரிவர்ஸ் தனியாக வாழ்வதில்லை. ஏதாவது ஒரு முன்கியருடன் பாகங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும். அந்தப் பங்காளி யாருனு தெரிந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் 3-வது கியர், 5-வது கியர், ரிவர்ஸ் மூன்றுக்கும் ஒரே கிளட்ச். ஹூண்டாயின் 6 ஸ்பீடு பாக்ஸில் அந்தப் பாகத்தின் பெயரே '35ஆர் கிளட்ச்'. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 6டி வரிசை கியர்பாக்ஸ்கள் இதில் ரொம்பப் பிரபலம். அந்த கிளட்ச்சுக்குள் இருக்கும் அலை வடிவத் தகடு உடைந்துபோய், 3, 5, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போனது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன கதை. இந்தியாவில் விற்ற செவ்ரோலே குரூஸ் ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது அதே குடும்பத்து பாக்ஸ். எனவே ரிவர்ஸ் இல்லை, கூடவே இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஆர்பிஎம் எகிறுகிறது என்றால், இந்த கிளட்ச்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எல்லா முன்கியரும் சரியாக மாறுகிறது, ரிவர்ஸ் மட்டும் இல்லையா? அடுத்த சந்தேகம் 'லோ-ரிவர்ஸ் பிரேக்'. பல பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கும், மேனுவல் மோடில் போடும் முதல் கியருக்கும் இதுதான் பொது. காலியான இடத்தில், மெதுவான வேகத்தில் மேனுவல் மோடில் 1-ல் போட்டுக் காலை எடுங்க. கார் இழுத்துப் பிடிப்பது போல வேகம் குறைந்தால் அந்த பிரேக் உயிரோடு இருக்கிறது. நியூட்ரலில் உருள்வது போல வழுக்கிக்கொண்டு போனால் கோளாறு அங்கே இருக்கலாம்.

டூயல் கிளட்ச்சில் இன்னும் தெளிவாகத் தெரியும். போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய ஆக்டேவியா, சூப்பர்ப் போன்ற கார்களில் இருக்கும் 'டிக்யூ200' என்ற 7 ஸ்பீடு டிஎஸ்ஜியில் 2, 4, 6, ரிவர்ஸ் நான்கும் ஒரே கிளட்ச்சின் கீழ் வரும். 1, 3, 5, 7 இன்னொரு கிளட்ச்சில். ரிவர்ஸும் இல்லை, இரண்டாவது கியரும் இல்லை, ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவுகிறது என்றால் ஒரு பக்கம் முழுசாக முடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பக்கத்து கிளட்ச்சாக இருக்கலாம், இல்லையென்றால் கிளட்ச்களை இயக்கும் 'மெக்கட்ரானிக்' யூனிட்டாக இருக்கலாம். இதே டிக்யூ200 பாக்ஸுக்காக 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த சின்தெட்டிக் ஆயிலால் மின்சாரக் கோளாறு வருவதாகச் சொல்லி, மினரல் ஆயிலுக்கு மாற்றிக் கொடுத்தது. பல் சக்கரம் ஒன்றுகூடத் தேயாமல் கியர்பாக்ஸ் படுத்துவிட முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிவிடியில் பெல்ட்டும் புல்லியும் முன்னால் போகவும் பின்னால் போகவும் பொதுவானவை. 'டி'ல கார் வழக்கம்போல இழுத்து ஓடுகிறது என்றால், பெல்ட் பெரும்பாலும் நலம். ரிவர்ஸுக்கென்று இருக்கும் தனி பிரேக், அதற்கு எண்ணெய் அனுப்பும் வால்வு, லீவர் கேபிள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். 'பெல்ட் போச்சு, மொத்தமா மாத்தணும்'னு யாராவது சொன்னால், 'அப்போ டி எப்படி ஓடுது?'னு கேளுங்க.

ஏஎம்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மாருதியும் டாடாவும் பயன்படுத்திய மேக்னெட்டி மரெல்லி அமைப்பில், ஒரு மின்சார பம்ப்தான் ஆக்சுவேட்டருக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கிறது. பேட்டரி சோர்ந்தாலோ, அந்த அமைப்பின் தனி எண்ணெய் குறைந்தாலோ கியர் விழாமல் மீட்டரில் 'என்' சிமிட்டலாம். இன்னொரு விஷயம், கார் முழுசாக நிற்காமல் 'ஆர்' போட்டால் ஏஎம்டி மறுக்கும். சில நேரம் பல்லோடு பல் இடித்து நின்றுவிடும். 'என்'க்குக் கொண்டுவந்து, காரை ஓர் அடி உருளவிட்டு, முழுசாக நிறுத்தி மறுபடி 'ஆர்' போட்டால் விழலாம்.

ஆயில்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஆட்டோமேட்டிக் ஆயில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் தெளிவாக இருக்கும். பழுப்பாவது வயதின் அடையாளம். கறுப்பாகிக் கருகிய வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் விஷயம் இன்னும் சீரியஸ். கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டு விழுந்திருக்கானு பாருங்க.

ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, குறிப்பிட்ட சூட்டில், அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். இது ஒர்க் ஷாப் வேலை. ஒன்று மட்டும் நீங்கள் கவனிக்கணும்: சிவிடிக்கு சிவிடி ஆயில், டார்க் கன்வெர்ட்டருக்கு அதற்குரிய ஏடிஎஃப், டூயல் கிளட்ச்சுக்கு அதன் ஆயில். 'எல்லாம் ஒன்னுதான்'னு மாற்றி ஊற்றினால், சின்னக் கோளாறு பெரிதாகிவிடும். கருகிப்போன கிளட்ச்சைப் புது ஆயில் உயிர்ப்பிக்காது என்பதையும் ஞாபகத்தில் வைங்க.

'இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்'னு சொல்வதும் உண்டு. கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. உங்கள் காருக்கான கணக்கை மேனுவலில் பாருங்க.

ஸ்கேன் பண்ணாம கழற்ற விடாதீங்க

கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டினால் கியர்பாக்ஸின் கன்ட்ரோல் யூனிட் பதிவு செய்துவைத்த கோடுகள் வரும். பி0705 என்றால் லீவர் நிலையைச் சொல்லும் சென்சாரில் கோளாறு. பி0736 என்றால் ரிவர்ஸில் கியர் விகிதம் சரியாக இல்லை, அதாவது உள்ளே வழுக்குகிறது. பி0868 என்றால் எண்ணெய் அழுத்தம் குறைவு. பி0700 மட்டும் வந்தால் 'கியர்பாக்ஸில் ஏதோ இருக்கு, உள்ளே போய்ப் பார்' என்ற பொதுவான தகவல்தான்.

ஆன்லைனில் கிடைக்கும் மலிவான புளூடூத் அடாப்டர்கள் பல நேரம் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். அதில் எதுவும் வரலைன்னா 'பிரச்னையே இல்லை'னு நினைச்சுடாதீங்க. கியர்பாக்ஸ் யூனிட்டையும் படிக்கிற ஸ்கேனர் வேணும். கோடுகளை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்கோங்க.

ஹைவேல மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரமும் சுமார் 40 கிலோமீட்டர்தான், புதுச்சேரியும் சுமார் 40 கிலோமீட்டர்தான். சென்னை என்றால் 120 கிலோமீட்டர். இந்தத் தூரக் கணக்கு முக்கியம். ஏனென்றால் லாரி, டிராக்டர், பைக் ஒர்க் ஷாப் எங்கேயும் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார்கள். முதலில் போன் பண்ணி, 'இந்த மாடல் ஆட்டோமேட்டிக் பார்ப்பீங்களா, கியர்பாக்ஸ் ஸ்கேனர் இருக்கா?'னு கேட்டுட்டு எந்தப் பக்கம் போறதுனு முடிவு பண்ணுங்க.

சுவரைப் பார்த்து நிற்கும் காரை வெளியே எடுக்க, இன்ஜினை ஓடவிட்டு 'என்'ல போட்டு, டிரைவர் சீட்டில் ஒருவர் பிரேக்கில் கால் வைத்திருக்க, மற்றவர்கள் முன்னாலிருந்து தள்ளலாம். இன்ஜின் ஓடினால்தான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் லேசாக இருக்கும். சமதளத்தில் மட்டும் இதைச் செய்யுங்க. பின்னால் சரிவு இருந்தால் வேண்டாம்.

'டி' நல்லா இருக்கே, ஓட்டிக்கிட்டே ஊருக்குப் போயிடலாமா? தரையில் எண்ணெய் இல்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை, கருகிய வாசனை இல்லை, எந்த முன்கியரும் வழுக்கவில்லை என்றால், பக்கத்து ஒர்க் ஷாப் வரை மெதுவாகப் போகலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீங்க. உடைந்த துகள்கள் எண்ணெயோடு சேர்ந்து நல்ல பாகங்களையும் அரித்துவிடும். அப்படியே திருச்சி, மதுரை வரைக்கும் போயிடலாம்ங்கிற நினைப்பு வேண்டவே வேண்டாம்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைக்கலாம். 24 மணி நேர உதவி எண் இது. இன்ஷூரன்ஸில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்க. வண்டி வந்ததும், 'ஃபிளாட்பெட்' வேணும்னு சொல்லுங்க, அதாவது நான்கு சக்கரமும் மேலே ஏறும் வண்டி. நம் ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர டிரைவ். கயிறு கட்டியோ, பின்பக்கத்தைத் தூக்கியோ முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால், கியர்பாக்ஸ் எண்ணெய் ஓட்டமில்லாமல் சுற்றும். ரிப்பேர் ஆகாத பாகமும் வழியிலேயே ரிப்பேர் ஆகிவிடும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே? கேபிளும் சென்சாரும் பார்த்தாச்சா? ஆயில் எந்த நிறத்தில் இருந்தது, காட்ட முடியுமா? டார்க் கன்வெர்ட்டர், சிவிடியாக இருந்தால் பிரஷர் டெஸ்ட் பண்ணீங்களா? கோளாறு எந்த கிளட்ச்சில், எந்த வால்வில்? அந்தப் பாகம் மட்டும் கிடைக்குமா, முழு பாக்ஸும் மாற்றணுமா? எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்க. வாரன்ட்டி, எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இருக்கானு பாருங்க. இருந்தால் வெளியில் யாரையும் பாக்ஸைத் திறக்க விடாதீங்க, கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கப் போறீங்களா? 2014-க்குப் பிறகு விற்ற ஆட்டோமேட்டிக்குகள் இப்போது நிறைய மறுவிற்பனைக்கு வருகின்றன. இரண்டு நிமிட ரவுண்டோடு நிறுத்திக்காதீங்க. அரை மணி நேரமாவது ஓட்டி, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, லேசான மேட்டில் காரைப் பின்னால் ஏற்றிப் பாருங்க. 'ஆர்' போட்டு இரண்டு நொடி யோசித்துவிட்டு நகர்கிற கார், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உங்களுக்கு லாபம் இல்லை.

ரிவர்ஸ் போனால் பதற்றத்தில் நாம் கேட்பது 'எவ்வளவு ஆகும்?' என்பதைத்தான். அதை இரண்டாவதாகக் கேளுங்க. லைட் எரிந்ததா, ஆர்பிஎம் இறங்கியதா, சூட்டில் மட்டும் வருகிறதா, கூடவே எந்த கியர் போச்சு... இந்த நான்கையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்க. நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மற்றவர்களுக்கு, இவரிடம் சும்மா ஒரு தொகையைச் சொல்லிவிட முடியாது என்று புரியும்.